மருந்தை மீறும் கிருமி: கோழிக்கோடு, தரமணி, தக்கலை

பத்மநாபபுரம் அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாட்டில் இருக்கிறது. அரண்மனையைப் பராமரிப்பதோ கேரளத் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் அந்த நிலை மாறவில்லை. இந்த ஊர்க்காரர்களின் உடம்புக்கும் இப்படி இரண்டு மாநில உறவு உண்டு. அரண்மனைக்குப் பக்கத்துத் தக்கலையில் தீராத காய்ச்சலோடு சிலர் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போவார்கள். சிலர் களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குப் போவார்கள்.

2024 ஜனவரியில் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் அம்ரித்’ என்ற பெயரில் மருந்துக்கடைகளில் திடீர்ச் சோதனைகளைத் தொடங்கியது. டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்றால் நடவடிக்கை என்று கடைகளில் எழுதி ஒட்டச் சொன்னார்கள். அதன் பிறகு மாநிலத்தில் ஆன்டிபயாடிக் பயன்பாடு 20 முதல் 30 சதவீதம் குறைந்ததாகக் கேரள அரசு சொல்கிறது. சட்டம் இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றுதான். ஆனாலும் எல்லைக்கு இந்தப் பக்கம் மூன்று மாத்திரை கொண்ட அசித்ரோமைசின் அட்டையைச் சீட்டில்லாமல் வாங்குவது இன்னும் கடினமான காரியமில்லை.

இதைப் பார்த்ததும் பழி முழுவதையும் மருந்துக்கடைக்காரர் தலையிலும், பாதியில் மாத்திரையை நிறுத்தும் நோயாளி தலையிலும் கட்டிவிடத் தோன்றும். அரசு விளம்பரங்களும் பெரும்பாலும் அதைத்தான் செய்கின்றன. கடந்த எழுபது, எண்பது ஆண்டு ஆய்வுகளை வரிசையாகப் படித்தால் வேறொரு பாதியும் தெரியவருகிறது. மருந்தைத் தேவையில்லாமல் தின்பது எதிர்ப்புள்ள கிருமியை வளர்த்துவிடுகிறது, உண்மை. அந்தக் கிருமியை ஊரெங்கும் கொண்டுசேர்ப்பது தண்ணீரும் கழிவும் மருத்துவமனைக்குள் கழுவப்படாத கைகளும். முதல் பாதியைப் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். இரண்டாவது பாதிக்குச் செலவு அதிகம். அதனால்தானோ என்னவோ, அதைப் பற்றிய பேச்சு குறைவு.

ஆன்டிபயாடிக் இல்லாத உலகம் நமக்கு வெகுதூரத்தில் இல்லை. தக்கலைக்குப் பக்கத்தில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் 1920களிலும் 30களிலும் ஆயிரக்கணக்கான அறுவை சிகிச்சைகளைச் செய்த ஹோவர்ட் சோமர்வெல், எவரெஸ்ட் ஏறப் போனவர் என்று உலகம் அறிந்தவர். அவர் நெய்யூருக்கு வந்த காலத்தில் பெனிசிலின் என்ற ஒன்றே இல்லை. நல்ல கைத்திறனும் கொதிநீரில் வெந்த கருவிகளும் இருந்தால்கூட, தையல் போட்ட இடத்தில் சீழ் கட்டி இரத்தத்தில் கலந்துவிட்டால் அதன் பிறகு மருத்துவர் செய்யக்கூடியது சொற்பம். பிரசவக் காய்ச்சலும் நிமோனியாவும் டைபாய்டும் வீடுகளைக் காலி செய்த காலம். நம் பாட்டி தலைமுறை அதைக் கண்ணால் பார்த்தது.

1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டார். அது பொதுமக்கள் கைக்கு வருவதற்கு முன்பே, 1940இல், ஆக்ஸ்ஃபோர்டில் ஆபிரகாமும் செயினும் பெனிசிலினை உடைத்துப்போடும் ஒரு நொதியைப் பாக்டீரியாவுக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். 1945இல் நோபல் உரையில் ஃபிளெமிங் தானே எச்சரித்தார்: போதாத அளவில் மருந்து கொடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும் என்று. எதிர்ப்பு மனிதன் உண்டாக்கியதும் இல்லை. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்துகிடந்த மண்ணிலிருந்து பீட்டா-லாக்டம், டெட்ராசைக்ளின் வகை மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களை 2011இல் பிரித்தெடுத்தார்கள். மண்ணில் வாழும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் ஒன்றையொன்று கொல்ல இந்த இரசாயனங்களைச் செய்கின்றன. தப்பிக்கும் வழியும் அப்போதே பிறந்துவிட்டது. நாம் செய்தது, அந்தப் பழைய மரபணுக்களுக்கு டன் கணக்கில் வாய்ப்புக் கொடுத்தது.

தப்பிக்கும் வழிகள் அதிகமில்லை. மருந்தை உடைக்கலாம்; உள்ளே வந்த மருந்தைப் பம்பு வைத்து வெளியே இறைக்கலாம்; மருந்து நுழையும் துளையைச் சுருக்கலாம்; மருந்து போய் ஒட்டும் இடத்தின் வடிவத்தையே மாற்றலாம். கடைசி வழியை அணு அணுவாகப் பார்க்க உதவியவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கடராமன் ராமகிருஷ்ணன். கிருமி தனக்கு வேண்டிய புரதங்களைச் செய்யும் ரைபோசோமின் சிறிய பாதிக்குள் ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள் எந்த மூலையில் போய் உட்காருகின்றன என்பதை அவருடைய குழு 2000இல் படமாக்கிக் காட்டியது. ரைபோசோம் ஆய்வுக்காக 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருந்து உட்காரும் இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறினாலே அதற்குப் பிடி கிடைக்காமல் போகும் என்பது அந்தப் படங்களைப் பார்த்தால் விளங்கும்.

இவ்வளவும் ஒரு கிருமி தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சொத்து என்று மட்டும் இருந்திருந்தால் சிக்கல் சிறியதாக இருந்திருக்கும். 1950களின் கடைசியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் சீதபேதிக் கிருமியில் வேறொன்றைக் கண்டார்கள். ஒரே நேரத்தில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு, ஓர் இனத்துப் பாக்டீரியாவிலிருந்து இன்னோர் இனத்துக்கு நேரடியாகக் கைமாறியது. பிளாஸ்மிட் எனப்படும் வளையமான டி.என்.ஏ. துண்டுகள் இந்த வேலையைச் செய்கின்றன. குடலில் சாதுவாக வாழும் இ.கோலை தன்னிடம் உள்ள எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்தில் வந்துபோகும் நோய்க்கிருமிக்குக் கொடுத்துவிட முடியும். உறவு, இனம் எதுவும் அதற்குத் தடையில்லை.

நம் பக்கத்துக் கதை இங்கே தொடங்குகிறது. 1948 முதல் டைபாய்டுக்குக் குளோராம்ஃபெனிகால்தான் மருந்து. 1972இல் கோழிக்கோட்டில் அந்த மருந்துக்கு அடங்காத டைபாய்டு பரவியது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியின் சி.கே.ஜெயராம் பணிக்கரும் கே.என்.விமலாவும் நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமியை ஆராய்ந்து, இந்த எதிர்ப்பு பிளாஸ்மிட் வழியாகக் கைமாறக்கூடியது என்பதை நிறுவினார்கள். அவர்கள் எழுதிய சிறு கட்டுரை அதே ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியானது. அதே 1972இல் மெக்சிகோவிலும் இப்படிப்பட்ட பெரிய டைபாய்டு பரவல் நடந்தது. பெரிய நகரத்து ஆராய்ச்சி நிறுவனம் எதுவும் இல்லாமல், நோயாளிப் படுக்கைக்குப் பக்கத்து ஆய்வகத்திலிருந்து வந்த கண்டுபிடிப்பு அது. இந்தியாவில் மருந்து எதிர்ப்பு ஆய்வின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 2010இலிருந்து ஆரம்பிக்கிறார்கள். கோழிக்கோட்டிலிருந்து ஆரம்பிப்பதே நியாயம் என்று நினைக்கிறேன்.

அதற்கும் முன்னால் சென்னையில் ஒரு வேலை நடந்திருந்தது. கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே 1956இல், சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்திய அந்த மையத்துக்கு வாலஸ் ஃபாக்ஸ் தலைமை தாங்கினார். காசநோய்க்காரர்களைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவைத்து முட்டையும் பாலும் கொடுத்தால்தான் பிழைப்பார்கள் என்பது அன்றைய நம்பிக்கை. 193 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் மறு பிரிவைச் சென்னையின் நெருக்கடியான வீடுகளிலும் வைத்து, இரு பிரிவுக்கும் ஐசோனியசிட், பாஸ் என்ற இரண்டு மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். ஆண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. 1959இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்கச் சானடோரியங்களை மூடவைத்தது.

ஏன் இரண்டு மருந்து? நுரையீரலில் குழி விழுந்த ஒரு நோயாளியிடம் கோடிக்கணக்கான காசக் கிருமிகள் இருக்கும். பத்து லட்சத்தில் ஒன்றோ, அதைவிட அரிதாகவோ, ஏதோ ஒரு கிருமி தற்செயலாக ஐசோனியசிட்டுக்கு அடங்காததாக இருக்கும். அந்த மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றதெல்லாம் சாக, அடங்காதது பெருகி இடத்தைப் பிடிக்கும். இரண்டு மருந்துக்கும் ஒருசேர அடங்காத கிருமி அமைய, பத்து லட்சத்தைப் பத்து லட்சத்தால் பெருக்கிய எண்ணிக்கையில் கிருமி வேண்டும். ஒரு நுரையீரலில் அத்தனை இடமில்லை. இந்தக் கணக்கு 1948இல் லண்டனில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்து அடிபட்ட அனுபவத்திலிருந்து பிறந்தது. ‘மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே’ என்ற அறிவுரைக்கு மிக உறுதியான ஆதாரம் காசநோயிலிருந்துதான் வருகிறது. அதை எல்லா நோய்க்கும் அப்படியே நீட்டியது சரியா என்ற கேள்வியை 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மார்ட்டின் லூவெலினும் சகாக்களும் எழுப்பினார்கள். சாதாரணத் தொற்றுகள் பலவற்றில் ஐந்து, ஏழு நாள் சிகிச்சை பத்து, பதினான்கு நாள் சிகிச்சைக்குச் சமமாகவே வேலை செய்கிறது. கூடுதல் நாட்கள் நோய்க்கிருமியைவிடக் குடலில் உள்ள நல்ல கிருமிகளுக்கே அதிக நெருக்கடி. எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஆனால் எதிர்ப்பு பெருகியதற்கு ஏழை நோயாளியின் பொறுப்பின்மையே காரணம் என்று சொல்ல இந்த அறிவுரையைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

இனி தரமணி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலைக் கல்வி நிறுவனத்தில், நுண்ணுயிரியல் துறையில் கார்த்திகேயன் குமாரசாமி ஆய்வு மாணவராக இருந்தார். மருத்துவமனைகளில் கடைசிக் கட்ட மருந்தாக வைத்திருக்கும் கார்பபெனெம் வகைக்கு, அதாவது மெரோபெனெம், இமிபெனெம் ஊசிகளுக்கு, அடங்காத கிருமிகள் அவருடைய ஆய்வுப்பொருள். அதே நேரத்தில் ஸ்வீடனில், புது டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு நோயாளியின் சிறுநீரிலிருந்து 2008 ஜனவரியில் எடுத்த கிளெப்சியெல்லா கிருமியில் இதுவரை காணாத ஒரு நொதி கிடைத்தது. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் டிமோத்தி வால்ஷ் உள்ளிட்டோர் 2009 டிசம்பரில் அதை விவரித்து, என்.டி.எம்-1 என்று பெயரிட்டார்கள். புது டெல்லியின் பெயர் அந்த முதல் இரண்டு எழுத்தில் இருந்தது. துத்தநாகத்தின் துணையோடு பீட்டா-லாக்டம் வளையத்தை உடைக்கும் நொதி அது. பெனிசிலின், செஃபலோஸ்போரின், கார்பபெனெம் எல்லாமே அந்த வளையத்தை நம்பித்தான் வேலை செய்கின்றன.

2010 ஆகஸ்டில் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் கார்த்திகேயனை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை வந்தது. என்.டி.எம்-1 உள்ள கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மற்ற இடங்களில் 73. பெரும்பாலானவை டைஜெசைக்ளின், கொலிஸ்டின் என்ற இரண்டு மருந்துகளுக்கு மட்டுமே அடங்கின. கொலிஸ்டின், சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் ஒதுக்கிவைத்த பழைய மருந்து.

இந்த எண்களைவிட முக்கியமான ஒரு வரி அந்தக் கட்டுரையில் இருந்தது. கட்டுரையைத் தொடர்ந்து எழுந்த கூச்சலில் அதைக் கவனித்தவர்கள் குறைவு. ஹரியானாவில் கிடைத்த கிளெப்சியெல்லா கிருமிகள் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு, ஒரே குடும்பம். சென்னையிலும் பிரிட்டனிலும் கிடைத்தவை அப்படியில்லை, வெவ்வேறு குடும்பங்கள். ஒரு மருத்துவமனையில் ஒரே கிருமி கை மாறிக் கை மாறிப் பரவினால் ஒரே குடும்பம் கிடைக்கும். அதைக் கைகழுவியும் வார்டைச் சுத்தம் செய்தும் நிறுத்தலாம். வெவ்வேறு குடும்பங்களில் ஒரே மரபணு கிடைக்கிறதென்றால், பிளாஸ்மிட்டில் ஏறி மரபணுவே பயணம் செய்கிறது என்று பொருள். எந்த ஒரு நோயாளியையும் தனிமைப்படுத்தி அதை நிறுத்த முடியாது. பணிக்கர் கோழிக்கோட்டில் டைபாய்டில் பார்த்ததை, முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, நம்மிடம் இருந்த மிக வலிய மருந்தின் விஷயத்தில் கார்த்திகேயன் பார்த்தார்.

டெல்லியில் நடந்தது வேறு. ஊரின் பெயரை நொதிக்கு வைத்ததும், இந்தியாவுக்கு அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களைக் கட்டுரை எச்சரித்ததும் மத்திய சுகாதார அமைச்சகத்தைக் கொதிக்கவைத்தன. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்று நாடாளுமன்றத்தில் பேசினார்கள். அறுவை சிகிச்சை பற்றிய அந்த வாசகங்களோடு தனக்கு உடன்பாடில்லை என்று கார்த்திகேயன் பத்திரிகைகளிடம் சொன்னார். பெயர் விஷயத்தில் லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹோர்ட்டன் 2011இல் வருத்தம் தெரிவித்தார். பெயரைப் பற்றிய கோபத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் மும்பை ஹிந்துஜா மருத்துவமனை மருத்துவர்கள் அதே 2010 மார்ச்சிலேயே, இந்திய இதழ் ஒன்றிலேயே, தங்கள் நோயாளிகள் 22 பேரிடம் என்.டி.எம்-1 இருப்பதை எழுதியிருந்தார்கள். அப்போது யாரும் கோபப்படவும் இல்லை, அசையவும் இல்லை. அந்த இதழில் கூடவே வந்த தலையங்கம் ஆன்டிபயாடிக்குகளுக்கான இரங்கல் குறிப்பாகவே எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் சென்னை அப்போலோ மருத்துவமனையின் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர்.

கஃபூர் எழுதியதோடு நிற்கவில்லை. 2012 ஆகஸ்டில் நாட்டின் மருத்துவச் சங்கங்களையும் அரசுப் பிரதிநிதிகளையும் சென்னையில் கூட்டி ‘சென்னைப் பிரகடனம்’ உருவாகக் காரணமானார். அதன் பலம் அதன் அடக்கம் என்பேன். மருத்துவரே இல்லாத கிராமங்கள் உள்ள நாட்டில் எல்லா ஆன்டிபயாடிக்கையும் ஒரே நாளில் சீட்டுக்குள் அடைக்க முடியாது, எனவே கடைசிக் கட்ட மருந்துகளை முதலில் காப்பாற்றுவோம் என்றது. 2013இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த ‘எச்1’ பட்டியல் அந்த வழியில் வந்தது. அதில் 46 மருந்துகள். கார்பபெனெம்களும் செஃபலோஸ்போரின்களும் காசநோய் மருந்துகளும் பெரும்பங்கு. இவற்றை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அசித்ரோமைசின் அந்தப் பட்டியலில் இல்லை. பழைய ‘எச்’ பட்டியலில்தான் இருக்கிறது. 2019இல் இந்தியத் தனியார் சந்தையில் அதிகமாக விற்ற ஆன்டிபயாடிக் வடிவமே 500 மில்லிகிராம் அசித்ரோமைசின் மாத்திரைதான் என்று ஒரு கணக்கெடுப்பு பிறகு காட்டியது.

இனி இரண்டாவது பாதிக்கு வருகிறேன். வால்ஷ் குழு 2011 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வுக்காக டெல்லியில் குழாய்த் தண்ணீர் மாதிரி 50, தெருவில் தேங்கிய கசிவுநீர் மாதிரி 171 எடுத்தார்கள். குடிநீரில் இரண்டிலும், கசிவுநீரில் 51இலும் என்.டி.எம்-1 மரபணு கிடைத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் பிரச்சினை என்று நினைத்தது தெருச் சாக்கடையில் இருந்தது. 2017இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று இன்னும் தெளிவானது. வெளிநாடு போய்த் திரும்பிய சுமார் 2,000 பேரின் மலத்தைப் போகும் முன்னும் வந்த பின்னும் சோதித்தார்கள். செஃபலோஸ்போரின்களை உடைக்கும் நொதி கொண்ட குடல் கிருமியைப் புதிதாகப் பெற்று வந்தவர்கள் மொத்தத்தில் 34 சதவீதம். தெற்காசியா போய்வந்தவர்களில் 75 சதவீதம். அவர்களில் பெரும்பாலோர் பயணத்தில் ஓர் ஆன்டிபயாடிக் மாத்திரையும் தின்னாதவர்கள். சாப்பாடும் தண்ணீரும்தான் அவர்களுக்குக் கிருமியைக் கொடுத்தன. சில வாரப் பயணிக்கு இந்த நிலை என்றால், இங்கேயே பிறந்து வளர்கிற குழந்தைக்கு?

2018இல் பீட்டர் காலிக்னன், வால்ஷ், ரமணன் லட்சுமிநாராயண் உள்ளிட்டோர் பல நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டார்கள். ஒரு நாட்டில் எதிர்ப்பு எவ்வளவு என்பதை, அந்நாட்டார் எவ்வளவு ஆன்டிபயாடிக் தின்கிறார்கள் என்ற எண்ணைவிட, சுகாதாரக் கட்டமைப்பும் ஆட்சியின் தரமும்தான் நெருக்கமாக விளக்கின. தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் இந்தியர்கள் பல பணக்கார நாட்டினரைவிடக் குறைவாகவே ஆன்டிபயாடிக் எடுக்கிறார்கள். எதிர்ப்பு மட்டும் நம்மிடம் பல மடங்கு. நாடுகளை ஒப்பிடும் இத்தகைய ஆய்வுகள் காரணத்தை நிரூபிப்பதில்லை, தொடர்பைக் காட்டுகின்றன என்பதை மறக்கக் கூடாது. ஆனால் டெல்லித் தண்ணீரும் நெதர்லாந்துப் பயணிகளும் காலிக்னன் குழுவின் கணக்கும் ஒரே திசையைக் காட்டும்போது அந்தத் திசையில் பார்க்க மறுப்பதற்குக் காரணம் இல்லை.

பத்மநாபபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் வீடுகள் தோட்டத்துக்குள் தனித்தனியாக நிற்பது வழக்கம். வளவுக்கு ஒரு கிணறு. அதே வளவில் கழிவறைத் தொட்டி. நிலம் துண்டாகத் துண்டாக, கிணற்றுக்கும் தொட்டிக்கும் இடையிலான தூரமும் குறைந்துகொண்டே வருகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. ஆண்டில் இருமுறை நிலத்தடி நீர் மேலே ஏறுகிறது. பச்சைப் பசேல் என்ற ஊர், கண்ணாடி போன்ற கிணற்று நீர் என்ற பெருமையில் நாம் அதைச் சோதிக்க நினைப்பதில்லை. கலங்கலாக இருந்தால்தான் கெட்ட தண்ணீர் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. குடிக்கும் தண்ணீரை வெந்நீராக்கிச் சீரகமோ கருங்காலியோ போட்டுக் குடிக்கும் பழக்கம் இந்தப் பக்கத்து வீடுகளில் உண்டு; அது எத்தனையோ நோயைத் தடுத்திருக்கும். பாத்திரம் கழுவுவதும் பச்சைக் காய்கறி அலசுவதும் காய்ச்சாத நீரில்தான்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடைசி மருந்தான கொலிஸ்டினை இந்தியக் கோழிப்பண்ணைகளில் எடை கூட்டுவதற்காகத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். கொலிஸ்டின் எதிர்ப்பும் பிளாஸ்மிட்டில் ஏறிப் பயணம் செய்யும் என்று 2015இல் சீனாவிலிருந்து செய்தி வந்தது. சென்னையில் வாங்கிய பச்சை உணவுப் பொருட்களிலேயே கொலிஸ்டினுக்கு அடங்காத கிருமிகளைக் கஃபூரும் சகாக்களும் கண்டார்கள். 2019 ஜூலையில் மத்திய அரசு கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் கொலிஸ்டினைத் தடை செய்தது. இது தெளிவான வெற்றி. தொழிற்சாலைக் கழிவு விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டான்செருவில், சுத்திகரித்து வெளியேற்றிய நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளோக்சசின் இருப்பதை ஸ்வீடன் ஆய்வாளர் யோக்கிம் லார்சன் குழு 2007இல் அளந்தது. கழிவுநீரில் ஆன்டிபயாடிக் எச்சத்துக்கு உச்சவரம்பு விதிக்க 2020 ஜனவரியில் வரைவு வந்தது. 2021 இறுதி அறிவிப்பில் அந்த வரம்புகள் காணாமல் போயின. மருந்துக்கடைக்காரரிடம் காட்டும் கண்டிப்பு ஆலைகளிடம் காட்டப்படவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

புது மருந்து வந்து காப்பாற்றுமா? சென்னையின் ஆர்க்கிட் நிறுவனத்து ஆய்வகத்தில் பிறந்த என்மெட்டாசோபாக்டம், செஃபபிம் என்ற மருந்தோடு சேர்த்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றது. இந்தியாவில் கண்டறிந்த ஆன்டிபயாடிக் கூறு ஒன்று அங்கே ஏற்கப்படுவது பெரிய சாதனை. மனமாரப் பாராட்டிவிட்டு, இதையும் சொல்ல வேண்டும்: அது நெதர்லாந்துப் பயணிகள் கொண்டுபோன வகை நொதிகளைத் தடுக்கும், என்.டி.எம்-ஐத் தடுக்காது. என்.டி.எம். கிருமிக்கு இன்று மருத்துவர்கள் செஃப்டசிடிம்-அவிபாக்டமோடு அஸ்ட்ரியோனாமையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அஸ்ட்ரியோனாமை என்.டி.எம். உடைப்பதில்லை, உடைக்கக்கூடிய மற்ற நொதிகளை அவிபாக்டம் கட்டிப்போடுகிறது. அறிவான வழி. ஆனால் ஒரு நாள் செலவே நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பைக் கரைக்கும்.

நிலைமை எங்கே நிற்கிறது? வேலூர் சி.எம்.சி. முக்கியப் பங்கு வகிக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகக் கண்காணிப்பு வலையமைப்பின் 2022 அறிக்கைப்படி, இமிபெனெமுக்கு அடங்கும் இ.கோலை 2017இல் 81 சதவீதமாக இருந்து 66 ஆனது. கிளெப்சியெல்லா 59இலிருந்து 42 ஆனது. உலக அளவில் 2019இல் மட்டும் மருந்து எதிர்ப்பை நேர்க்காரணமாகக் கொண்ட இறப்புகள் 12.7 லட்சம் என்றும், அதில் இந்தியாவின் பங்கு ஏறக்குறைய 2.97 லட்சம் என்றும் மதிப்பிட்டார்கள். இந்திய எண்களைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வலையமைப்பில் இருப்பவை பெரும்பாலும் பெரிய போதனை மருத்துவமனைகள். அங்கே வருகிறவர்கள் மூன்று இடத்தில் ஊசி போட்டும் தீராமல், கடைசியில் வந்து சேர்ந்தவர்கள். தக்கலையில் முதல்முறையாகச் சிறுநீர் எரிச்சலோடு வரும் பெண்ணுக்கு எந்த மருந்து கேட்கும் என்பதை அந்த எண் சொல்லாது. அதிகமாகப் பயந்து வலிய மருந்தை முதலிலேயே எழுதவும், அலட்சியமாகப் பழைய மருந்தை எழுதவும் இரண்டுக்குமே அது இடம் கொடுக்கிறது. எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று தங்கள் மாநிலத்துக்கென்று தனிப் பட்டியலைத் தயாரித்து வெளியிட்டதில் கேரளம் முந்திக்கொண்டது. அம்ரித் சோதனைகளைவிட அதைத்தான் நாம் முதலில் பின்பற்ற வேண்டும் என்பது என் கருத்து.

நல்ல செய்தி ஒன்றும் இந்தத் தரவுகளுக்குள் இருக்கிறது. 1972இல் கோழிக்கோட்டில் கையை விரித்த குளோராம்ஃபெனிகால், இன்று இந்தியாவில் கிடைக்கும் டைபாய்டுக் கிருமிகளில் மிகப் பெரும்பான்மைக்கு மீண்டும் கேட்கிறது. 1990களில் மருத்துவர்கள் சிப்ரோஃப்ளோக்சசினுக்கு மாறி அதை விட்டுவிட்டார்கள். நெருக்கடி போனதும் எதிர்ப்பும் மெல்ல உதிர்ந்தது. எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும் அபாயம் இருப்பதால் அதை எளிதாக எழுத மாட்டார்கள், சரி. சிப்ரோஃப்ளோக்சசின் இப்போது ஏறக்குறைய முழுக்கப் பயனற்றுப் போய்விட்டது என்பதும் உண்மை. ஆனால் எதிர்ப்பு திரும்பிப் போகவும் கூடும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. டைபாய்டைத் தடுக்கும் புதிய வகைத் தடுப்பூசியும் இந்தியாவில் தயாராகிறது. நோய் வராவிட்டால் மருந்தே தேவையில்லை.

இந்த மாவட்டத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை பெரிய செலவுள்ளது இல்லை. கல்குளம் தாலுகாவில் நூறு வீட்டுக் கிணறுகள், வள்ளியாற்றில் சில இடங்கள், மருத்துவமனைக் கழிவு வெளியேறும் வாய்க்கால்கள். இவற்றிலிருந்து நீரெடுத்து, மருந்து கலந்த தட்டில் வளர்த்து, என்ன முளைக்கிறது என்று பார்க்க ஒரு கல்லூரி நுண்ணுயிரியல் ஆய்வகம் போதும். அதே மாதங்களில் சிறுநீர்த் தொற்றோடு வரும் நோயாளிகளின் கல்ச்சரில் கிடைக்கும் இ.கோலையைச் சேர்த்து வைத்து, இரண்டின் மரபணு வரிசையையும் ஒப்பிட்டால், கிணற்றில் இருப்பதும் உடம்பில் இருப்பதும் ஒரே குடும்பமா, இல்லை ஒரே பிளாஸ்மிட் மட்டும் இரண்டிலும் ஏறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். வரிசை பார்க்கும் வசதி சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கிறது. ஓர் ஆய்வு மாணவரின் பட்ட ஆய்வுக்கு அளவான வேலை. தரமணியில் நடந்ததும் ஆய்வு மாணவர் ஒருவரின் வேலையே. ஒரு மாதிரித் தொகுப்பு மழைக்கு முந்திய மே மாதத்தில், இன்னொன்று இரண்டாவது மழை பெய்து கிணறு நிரம்பிய நவம்பரில் எடுக்க வேண்டும். தொட்டிநீர் கிணற்றில் கலக்கிறதென்றால் இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில் அது தெரியும்.